இரண்டு டிஸ்க் இருந்தால் மிரர் வேண்டாம், பேக்கப் எடுங்கள்

வீட்டு சர்வருக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கியிருந்தால், இரண்டையும் ரெய்டு 1 மிரராக (ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் அப்படியே எழுதப்படும் அமைப்பு) போடாதீர்கள். ஒன்று சர்வருக்குள் இருக்கட்டும். இன்னொன்றை யூஎஸ்பி கேஸில் போட்டு, வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருகுங்கள். முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மிரர் காப்பாற்றுவது ஒரு டிஸ்க் பழுதாகும்போது மட்டும்தான். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் கைதவறி அழித்தால், அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். கழற்றி வைத்த டிஸ்க்கை இவை தொட முடியாது.

பணமும் மிச்சம். பேக்கப்புக்கு வேகம் முக்கியமில்லை என்பதால் விலை குறைந்த, எழுதுவதில் மெதுவான எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கே போதும் (அதை ரெய்டில் போட்டால் ரீபில்டு ஆகும்போது, அதாவது பழுதானதற்குப் பதில் போட்ட டிஸ்க்கில் எல்லாம் மறுபடி எழுதப்படும்போது, இழுத்தடிக்கும்). அப்புறம், பேக்கப் எடுக்க ஆர்சிங்க் (rsync) என்ற காப்பி புரோகிராமைப் பயன்படுத்தி, அதில் லிங்க்-டெஸ்ட் (--link-dest) ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறாத ஃபைல்களை மறுபடி காப்பி செய்யாமல், பழைய காப்பியையே சுட்டும் ஹார்டு லிங்க் மட்டும் போடும். 500 ஜிபி படங்களில் இந்த வாரம் சேர்ந்தது 3 ஜிபி என்றால், ஏறக்குறைய அந்த 3 ஜிபி இடம்தான் போகும். ஆனாலும் ஒவ்வொரு வாரத்து ஃபோல்டரும் முழுசாகத் தெரியும். டிஸ்க்கை இஎக்ஸ்டி4-ஆக (ext4) ஃபார்மட் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற இன்னொரு ஃபார்மட்டில் ஹார்டு லிங்க் கிடையாது.

சர்வர் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது, ஒரு நாள் வேலை போனாலே நஷ்டம் என்பவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் மூன்றாவது டிஸ்க் வாங்க வேண்டும்: மிரருக்கு இரண்டு, அலமாரிக்கு ஒன்று.