நோட்டீஸுக்கு முன் ஆதாரம்: காப்புரிமை (பேட்டன்ட்), டிரேட்மார்க் மீறலை விசாரிக்கும் முறை

உங்கள் பொருளின் நகல் கண்ணில் பட்ட அன்றே வக்கீல் நோட்டீஸ் அனுப்பக் கை பரபரக்கும். அனுப்பினால், விற்பனைப் பக்கம் காணாமல் போகலாம், சரக்கு வேறு கிடங்குக்கு நகரலாம். அதனால் முதலில் ஆதாரத்தைச் சத்தமில்லாமல் சேருங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் உரிமை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது யார் பெயர்? நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தாலோ, கண்டுபிடித்த ஊழியரிடமிருந்து உரிமை மாற்றப் பத்திரம் வாங்காமல் விட்டிருந்தாலோ, வழக்குப் போடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். புதுப்பிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் அதற்கு முன்பே போய்விடும். வழங்கிய நாட்டுக்கு வெளியே அது செல்லாது. உலகம் முழுமைக்கும் ஒரே காப்புரிமை என்று எதுவும் கிடையாது. டிரேட்மார்க் என்றால் எந்த வகுப்பில் பதிவு என்று பாருங்கள். பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டின் 45 வகுப்புகளில் முதல் 34 பொருட்களுக்கு, மற்றவை சேவைகளுக்கு.

காப்புரிமையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தங்கள் பொருளையும் எதிராளியின் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒப்பிட வேண்டியது காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் இருக்கும் உரிமைக் கோரிக்கைகளோடு (கிளெய்ம்ஸ்), அதாவது எது உங்களுக்குச் சொந்தம் என்று வரையறுக்கும் வாக்கியங்களோடு. சுருக்கமும் படங்களும் மீறலை முடிவு செய்யாது. ஒரு கோரிக்கையை எடுத்து, அதன் ஒவ்வொரு கூறையும் அட்டவணையின் இடப்பக்கம் எழுதுங்கள். நடுவில், அந்தக் கூறு எதிராளியின் பொருளில் எங்கே இருக்கிறது என்று படத்தோடு காட்டுங்கள். வலப்பக்கம் உங்கள் சந்தேகம். "மூடி, அதனுள் சுழலும் வால்வு, வால்வை அழுத்தும் ஸ்பிரிங்" என்பது கோரிக்கை. நகலில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம் என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும் மீறல் இல்லை. அதே வேலையை அதே விதமாகச் செய்கிறது என்று பல நாடுகளில் வாதிடலாம், ஆனால் அது கடினமான பாதை. நகலில் கூடுதலாக ஒரு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் அவர்கள் தப்ப முடியாது. விண்ணப்ப காலத்தில் உரிமை கிடைப்பதற்காக நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தீர்கள் என்று காப்புரிமை அலுவலகத்தோடு நடந்த பழைய கடிதங்களையும் படியுங்கள்; எதிர்த் தரப்பு நிச்சயம் படிக்கும்.

டிரேட்மார்க்கில் கேள்வி வேறு: வாங்குபவர் குழம்புவாரா? அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. மங்கலான நினைவோடுதான் வாங்குகிறார். தோற்றம், உச்சரிப்பு, பொருள், விற்கும் வழி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போலிப் பொருளைப் பற்றி உங்களுக்குத் தவறி வந்த புகார் கடிதங்களை அழித்துவிடாதீர்கள். குழப்பம் நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

அடுத்து சோதனைக் கொள்முதல். முடிந்தால் ஊழியர் அல்லாத ஒருவர், சாதாரண வாடிக்கையாளர் போல, பில்லோடு குறைந்தது மூன்று வாங்கட்டும்: ஒன்று பிரிக்காமல் சீல் வைக்க, ஒன்று கழற்றிப் பார்க்க, ஒன்று ஆய்வகத்துக்கு. விற்காத ஒன்றைச் செய்து தரும்படி தூண்டக் கூடாது. பிரிக்கும் முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். தொகுதி எண், பார்கோடு, அனுப்புநர் முகவரி விடுபடக் கூடாது. கழற்றுவதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பொருள் யார் கையில், எந்தத் தேதியில், எந்த அலமாரியில் இருந்தது என்ற பதிவேடு ஒரு நாள்கூட அறுந்துவிடக் கூடாது. அறுந்தால், "வாங்கியது இதுதானா?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் ஆட்டம் காணும்.

இணையப் பக்கத்தை முழு முகவரியும் நேரமும் தெரியும்படி சேமியுங்கள், கோப்பின் எஸ்.எச்.ஏ.-256 எண்ணையும் (கோப்பு பின்னால் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) குறித்து வையுங்கள். முதல் வாடிக்கையாளர் விமர்சனத்தின் தேதி, விற்பனை எப்போது தொடங்கியது என்பதற்குத் துப்பு. பழைய பக்கங்களை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடலாம். அடுத்தவர் கணக்கில் நுழைவது, முன்னாள் ஊழியருக்குப் பணம் கொடுத்து ரகசியம் வாங்குவது இரண்டும் வேண்டாம்; வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

போலி என்று முடிவு கட்டும் முன், தொகுதி எண்ணை உங்கள் சொந்த விற்பனைப் பதிவோடு ஒப்பிடுங்கள். வேறு நாட்டில் நீங்களே விற்ற அசல் பொருளாக இருக்கலாம். அதை இங்கே கொண்டுவந்து விற்பதைத் தடுக்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

கடைசியாக, எதிராளியின் இடத்தில் உட்கார்ந்து உங்கள் காப்புரிமையையே உடைத்துப் பாருங்கள். எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இரண்டு இலவசக் காப்புரிமைத் தேடல் தளங்களிலும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆவணங்களைத் தேடுங்கள். கண்காட்சியில் நீங்களே முன்கூட்டி வெளிப்படுத்தியதும் பாதகமாகலாம். பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், அடிப்படை இல்லாமல் வழக்குப் போடுவதாக மிரட்டினால் மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடரலாம். அதற்காக மாதக்கணக்கில் இழுத்தடிக்கவும் கூடாது. அவசரத் தடையாணை கேட்கும்போது, மீறல் எப்போது தெரிந்தது என்று நீதிமன்றம் கேட்கும். அந்தத் தேதியையும் அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.