கியர்பாக்ஸ் பட்டறை: கழற்றிய மேசையிலேயே பூட்டாதீர்கள்

புதிதாகப் பட்டறை போட்ட ஒரு தம்பி சமீபத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவர் முழுக்க ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. நடுவே ஒரே ஒரு பெரிய மேசை. அதன் ஒரு முனையில் கிரைண்டர், மறுமுனையில் பாகங்கள் கழுவும் தொட்டி. "எல்லாமே கைக்கு எட்டுற தூரம், அண்ணே" என்றார் பெருமையாக. நான் முதன்முதலில் போட்ட பட்டறையை அப்படியே பெயர்த்து வந்து வைத்தது போல இருந்தது.

வெளிச்சம் வேண்டும், தீயணைப்பான் வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

கழற்றவும் பூட்டவும் ஒரே மேசை

என் எரிச்சல் இன்னும் அடங்காத தவறு இதுதான்.

ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருந்தன. பிளேட், சீல், பில்டர் எல்லாம் புதிதாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. நான்காம் நாள் வண்டி திரும்பி வந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஏற மறுக்கிறது, இன்ஜின் மட்டும் கத்துகிறது. ஆயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு என்று நினைத்து மாற்றினேன். பயனில்லை. கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியையே என் கைக்காசில் புதிதாக வாங்கி, அதே மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்து மாட்டினேன். ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை.

மூன்றாவது முறை ஒவ்வொரு வால்வாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, ஒன்றின் விளிம்பில் ஏதோ மினுங்கியது. காந்தத்தை நீட்டினேன், ஒட்டிக்கொண்டது. கிரைண்டர் பொடி. நான் பூட்டிக்கொண்டிருந்தபோது மேசையின் அந்த முனையில் பையன் உளி தீட்டிக்கொண்டிருந்தான். சோலினாய்டைத் திட்டினேன், பார்ட்ஸ் செய்தவனைத் திட்டினேன், கடைசியில் ஓட்டுபவரின் கால் மீதுகூடச் சந்தேகப்பட்டேன். மேசையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை.

வால்வ் பாடிக்குள் வால்வுக்கும் அது ஓடும் துளைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. ஒரு துகள் போதும், வால்வு அப்படியே நின்றுவிடும். "பில்டர் இருக்கே" என்பார்கள். பில்டர் பம்புக்கு முன்னால், ஆயிலை உறிஞ்சும் வழியில் இருக்கிறது. பூட்டும்போதே வால்வ் பாடிக்குள் போய்விட்ட தூசி பில்டரைப் பார்க்காமலே வேலையைக் காட்டிவிடும்.

அதனால் இரண்டு மேசை. கழற்றும் மேசைக்கு இரும்புத் தகடு, சுற்றிலும் விளிம்பு, ஆயில் வடிய ஒரு ஓட்டை. பூட்டும் மேசை வழவழப்பாக, துடைக்க எளிதாக, நடுவில் சுவரோ கனமான திரையோ இருக்கும்படி தள்ளி இருக்கட்டும். கிரைண்டர், பிரஸ், அரம் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கழுவிய பாகங்களைக் காற்றடித்துக் காயவையுங்கள், அதையும் அழுக்குப் பக்கத்திலேயே. பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் அதன் நூல் சோலினாய்டு வலையில் போய் அடைக்கும். அப்புறம் மின்விசிறி: எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டு, அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கம் நோக்கி ஒரு ஸ்டாண்டு பேனைத் திருப்பி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் இல்லையா? சரி, ஒரே மேசையை நேரத்தால் பிரியுங்கள். கழற்றி முடித்ததும் மேசையைக் கழுவி, தூசி அடங்க விட்டு, மறுநாள் காலையில் பூட்டுங்கள். மேனுவல் கியர்பாக்ஸ் இவ்வளவு நாசூக்கு பார்க்காது, ஆனால் பேரிங்கில் மண் நுழைந்தால் அதுவும் ஊளையிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடுவது

எந்தச் செக் பால் (ஆயில் வழியை அடைக்கும் சின்ன உருண்டை) எந்தக் குழியில் இருந்தது என்று வாளி சொல்லாது.

ஜாக்கிக்கு வழி விடாதது

கியர்பாக்ஸை இறக்குவதற்குக் கீழே மட்டும் இடம் இருந்தால் போதாது, பின்னால் இழுக்கவும் இடம் வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கியர்பாக்ஸ் ஜாக்கியின் சின்னச் சக்கரத்துக்கு ஒரு விரல் உயரப் படியே மலை. வழி குறுகலாக இருந்தால் ஆள் அவசரப்படுவான். மேனுவலில் இன்புட் ஷாப்ட்டின் மேலேயே கியர்பாக்ஸைத் தொங்கவிட்டுக் கிளட்ச் டிஸ்க்கை வளைப்பான். ஆட்டோமேட்டிக்கில், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் முன்னால் நழுவியதைப் பார்க்காமல் போல்ட்டை இறுக்கிப் பம்பை உடைப்பான். கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் முகப்பான பெல் ஹவுஸிங் முழுவதும் கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். அதன் பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், போல்ட் போடுவதற்கு முன் அதைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுக்க முடிய வேண்டும்.

ஒரே ஒரு பெரிய டார்க் ரெஞ்ச்

குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் அந்தப் பெரிய ரெஞ்ச் சக்கர நட்டுக்குச் சரி. பல கியர்பாக்ஸ்களில் வால்வ் பாடி போல்ட் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சின்னது ஒன்று தனியாக வாங்குங்கள்.

பூட்டும் மேசையில் பேரிங் கிரீஸ்

வேண்டாம். பூட்டும்போது சின்னப் பாகங்கள் விழாமல் ஒட்டிவைக்க வாஸ்லின் போதும், சூடான ஆயிலில் கரைந்துவிடும்.

அந்தத் தம்பி கிரைண்டரை வெளியே எடுத்துவிட்டார். தொட்டி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. குழாய் இணைப்பை மாற்ற வேண்டுமாம்.