ஊருக்கு வர்றவங்களுக்கு: ஹோட்டல்ல டிப்ஸ் எவ்வளவு, யார் கையில?

அமெரிக்கா கனடாவுல இருந்து தமிழ்நாட்டுக்கு லீவுக்கு வர்ற நம்மாளுங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, ஹோட்டல்ல எவ்வளவு டிப்ஸ் வைக்கணும்ங்கறது. அங்க மாதிரி 18, 20 பர்சன்ட் கணக்கெல்லாம் இங்க கிடையாதுங்க. சாதாரண டிபன் ஹோட்டல்ல ரெண்டு பேர் சாப்பிட்டா 10, 20 ரூபா, குடும்பமா உக்காந்து நல்லா சாப்பிட்டிருந்தா 50, பெரிய ஏசி ரெஸ்டாரன்ட்னா பில்லுல 5ல இருந்து 10 பர்சன்ட், அவ்ளோதான். டோக்கன் வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிடுற இடத்துல டிப்ஸே வேண்டாம். ஓனரம்மாவே இலையில பரிமாறுற சின்ன மெஸ்ல அவங்ககிட்ட காசு நீட்டாதீங்க, சில பேருக்கு மனசு சங்கடமாயிடும், "சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சும்மா"ன்னு சொல்லுங்க, அது போதும்.

எவ்வளவுங்கறத விட யார் கையில போகுதுங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது. நீங்க பில்லோட சேத்து கார்டுலயோ ஜிபேலயோ போடுறது கடை அக்கவுண்டுக்குத்தான் போகும், அது சப்ளையருக்கு வந்து சேருமான்னு உங்களால பாக்க முடியாது. அதனால பில்லை எப்படி வேணா கட்டுங்க, டிப்ஸை மட்டும் ரொக்கமா கொடுங்க. சோம்பு கல்கண்டோட பில் வர்ற தட்டுல வைக்கலாம், கையிலயே கொடுத்தா இன்னும் நல்லது. அப்புறம் டேபிள் தொடைக்கிறவங்களை பாதி பேர் மறந்தே போயிடுறாங்க. போன தடவ ஒரு ஹோட்டல்ல வயசான அம்மா ஒருத்தங்க எங்க டேபிள் எச்சத் தட்டெல்லாம் எடுத்து வாளியில போட்டுக்கிட்டு இருந்தாங்க, 20 ரூபாய நீட்டுனேன், கையை சேலையில தொடைச்சுட்டு ரெண்டு கையாலயும் வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க, "நல்லாருப்பா"ன்னாங்க. சப்ளையருக்கு கொடுக்குறவங்க அவங்களுக்கும் ஒரு பத்து ரூபா கொடுங்களேன்.

பில்லை ஒரு தடவ படிச்சுப் பாருங்க. சாதாரணமா ஜிஎஸ்டி 5 பர்சன்ட், சிஜிஎஸ்டி 2.5 எஸ்ஜிஎஸ்டி 2.5ன்னு ரெண்டா பிரிச்சு போட்டிருப்பாங்க, ரூம் வாடகை 7500 ரூபாய்க்கு மேல இருக்கிற ஸ்டார் ஹோட்டல் உள்ள சாப்பிட்டா 18 பர்சன்ட் வரும். இது அரசாங்கத்துக்குப் போற வரி, டிப்ஸ் இல்ல. 'சர்வீஸ் சார்ஜ்'னு தனியா ஒரு லைன் இருந்தா அது வேற, அதை நீங்களா விருப்பப்பட்டு கொடுக்கணுமே தவிர அவங்களா பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிடுச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அதை சரின்னு சொல்லிருச்சு. எடுத்துடுங்கன்னு அமைதியா சொல்லுங்க, மாட்டேன்னா 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணி புகார் சொல்லலாம். சப்ளையர்கிட்ட மட்டும் கோவப்படாதீங்க, பில் போடுறது அவரில்ல.

சர்வீஸ் விஷயத்துலயும் பழக்கம் வேற. யாரும் வந்து பேரு சொல்லி அறிமுகம் பண்ணிக்க மாட்டாங்க, நடுவுல வந்து எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாங்க, அது அலட்சியம் இல்லைங்க. வேணுங்கறப்ப "அண்ணே, கொஞ்சம் சாம்பார்"னு நீங்கதான் குரல் கொடுக்கணும், சின்னப் பையனா இருந்தா "தம்பி". விரலை சொடுக்கி கூப்பிடுறத நானே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க. நாலு பேர் ஆர்டர் பண்ணா நாலும் ஒண்ணா வராது, தோசை எது ரெடியோ அது முதல்ல வரும், சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிட ஆரம்பிங்க. மதியம் கூட்ட நேரத்துல உங்க டேபிள்ல காலியா இருக்குற சேர்ல தெரியாதவங்க வந்து உக்காருவாங்க, உங்க பின்னாடியே ஒரு குடும்பம் எடத்துக்காக நிக்கும், கை கழுவிட்டு எந்திரிச்சிடுங்க, அரட்டைய வெளிய வச்சுக்கலாம்.

இதுக்கெல்லாம் சில்லறை வேணுமில்ல, ஏடிஎம்ல பெரும்பாலும் 500 நோட்டாத்தான் வரும், அதனால வந்த முதல் நாளே ஏதாவது மளிகைக் கடையில சாமான் வாங்கி ரெண்டு மூணு நோட்டை பத்தும் இருபதுமா மாத்தி சட்டைப் பையில தனியா வச்சுக்கோங்க.