செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: மல்டிமீட்டரை எங்கெங்கே வைப்பது?

ஸ்கேனரில் கிராங்க் சென்சார் (இன்ஜின் தண்டு சுற்றுவதை உணர்வது) பற்றிய பிழைக் கோட் வந்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோட் சொல்வதோ, சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பதை மட்டும்தான். வயர் அறுந்தாலும், எர்த் விட்டுப்போனாலும், கப்ளர் (வயரை இணைக்கும் செருகி) பின்னில் பச்சை பூத்தாலும் அதே கோட்தான் வரும். புதுச் சென்சார் வாங்குமுன் பத்து நிமிடம் மீட்டர் பிடித்தால் காசு மிச்சம். இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு.

டிஜிட்டல் மீட்டரே வேண்டும். உள்தடை 10 மெகாஓம் இருக்கட்டும். பழைய முள் மீட்டரையும் டெஸ்ட் பல்பையும் சென்சார் வயர்களில் வைக்காதீர்கள், அவை இழுக்கும் கரண்டில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் கெடலாம். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட். தொடுமுன் ஒருமுறை பாருங்கள்.

முதலில் பேட்டரி. மீட்டர் 20 வோல்ட் டிசியில். வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் மற்ற சோதனைகளை ஒத்திவையுங்கள். மின்னழுத்தம் அந்த அளவு விழுந்தால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் இசிஎம் தடுமாறும், பொறி பலவீனமாகும்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் எர்த். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி இரு முனையையும் தேய்த்து மாட்டுங்கள். இதை ஓம் நிலையில் பார்த்துப் பயனில்லை. பட்டையில் நாலைந்து இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

அடுத்து, பிளக்கில் பொறி வர உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயில். பழைய உருளை வகையில் பிரைமரி (உள்ளே வரும் சுருள்) பெரும்பாலும் 0.5 முதல் 3 ஓம், செகண்டரி (உயர் வோல்ட் தரும் சுருள்) 6 முதல் 15 கிலோ ஓம். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை (0.2, 0.3 ஓம் இருக்கும்) பிரைமரி அளவிலிருந்து கழிக்க வேண்டும். பிளக்கின் மேலேயே உட்காரும் 3 அல்லது 4 பின் காயில்களில் பெரும்பாலும் காயிலுக்கு ஸ்விட்சாக வேலை செய்யும் இக்னைட்டர் உள்ளேயே இருப்பதால் ஓம் அளவு ஒன்றும் சொல்லாது. கப்ளரைக் கழற்றி, சாவி ஆனில், சப்ளை பின்னில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் (எரியாமல் விட்டால்) அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில்தான். ஓடும் இன்ஜினில் பிளக் வயரில் மீட்டரை வைக்கவே கூடாது. அங்கே பல்லாயிரம் வோல்ட். மீட்டர் தாங்குவது 600 அல்லது 1000.

கிராங்க் சென்சாரில் முதலில் வயரை எண்ணுங்கள். 2 வயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. கப்ளரைக் கழற்றி ஓம் பாருங்கள், பொதுவாக 200 முதல் 1500-க்குள் வரும். உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டாவது வர வேண்டும். சூடானால் நின்று, ஆறினால் கிளம்பும் வண்டியில் இதைச் சூட்டிலேயே அளக்க வேண்டும். சுருள் விரிந்து இழை விடுவது அப்போதுதான் பிடிபடும். 3 வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சில்லு உள்ளது. அதில் ஓம் பார்க்காதீர்கள். கப்ளரின் வயரிங் பக்கம் 5 அல்லது 12 வோல்ட் சப்ளையும் எர்த்தும் இருந்தால், கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பின்பக்கமாக மெல்லிய குண்டூசியைச் செருகி சிக்னலைப் பாருங்கள். இன்ஜினை ஸ்பானரால் மெல்லத் திருப்பும்போது அளவு மேலும் கீழும் தாவ வேண்டும். வயர் உறையைக் குத்தித் துளைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே ஈரம் புகுந்து, செம்பு அரித்து, மாதங்கள் கழித்துப் புதுப் பிரச்சினை முளைக்கும்.

கூலன்ட் வெப்பச் சென்சார் பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். வெந்நீரில் தெர்மாமீட்டருடன் முக்கி, ஆற ஆற அளவு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். சூட்டிலும் ஓம் அதிகமாகவே நின்றால் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக இசிஎம் நினைத்து பெட்ரோலைக் கூட்டும். பிளக் கரி பிடிக்கும்.

கேபிளால் இழுபடும் திராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) என்றால் அதன் பொசிஷன் சென்சார் சிக்னல் மூடிய நிலையில் 0.5 வோல்ட் வாக்கில் தொடங்கி, முழுத் திறப்பில் 4-ஐத் தாண்டும். மெதுவாகத் திறவுங்கள், நடுவில் அளவு சட்டென்று விழுந்தால் தடம் தேய்ந்திருக்கிறது. நொடியின் சிறு பகுதியில் விழுந்து எழுவதைச் சாதாரண மீட்டர் காட்டாது, அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்.

5 வோல்ட் சப்ளையே வராவிட்டால் இசிஎம்மைப் பழிக்காதீர்கள். அந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும். ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். மீட்டரை அந்த வயரிலேயே வைத்துக்கொண்டு மற்றச் சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாரோ அதற்குப் போகும் வயரோதான் ஷார்ட். எதைக் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரிங்கில் உரசல் தேடுங்கள், பிறகுதான் இசிஎம்.