கோடைக்குத் துணி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பங்குனி பிறந்ததுமே ஜவுளிக்கடைகளில் ‘சம்மர் காட்டன்’ பலகை ஏறிவிடுகிறது. அதை நம்பி எடுத்த சட்டை நண்பகலில் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, குர்த்திக்குள் புழுங்குகிறது. துணியின் பெயர் மட்டும் குளுமை தந்துவிடாது. என்ன நூல், எவ்வளவு நெருக்கமான நெசவு, எவ்வளவு கனம், உடம்புக்கும் துணிக்கும் நடுவில் எவ்வளவு இடம், அடியில் என்ன உடுத்தியிருக்கிறோம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. வேர்க்குருவும் தொடை இடுக்கு அரிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஊரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை லேசில் காயாது. அங்கே மெல்லிய, கண் விட்ட நெசவும் தொளதொளப்பும் முக்கியம். கனத்த பருத்தி அங்கே நனைந்தபடியே கிடக்கும். வேலூர், கரூர், மதுரைப் பக்கம் வறண்ட வெயில். வியர்வை சட்டென்று காய்ந்துவிடும், ஆனால் வெயில் நேராகத் தோலைச் சுடும். அங்கே கையில்லாத பனியனைவிட, தளர்வான முழுக்கை மெல்லிய சட்டையே உடம்பைக் காக்கும். சென்னையில் நன்றாக இருந்த துணி கரூரில் ஏமாற்றுவதற்கும், கரூரில் பிடித்தது சென்னையில் பிடிக்காததற்கும் இதுதான் காரணம்.

‘காட்டன்தாங்க’ என்பதை அப்படியே நம்புவது

காட்டன் மிக்ஸ், காட்டன் ஃபீல், காட்டன் சில்க், பிசி என்று எத்தனையோ பெயர்கள் உண்டு. இவற்றில் எதுவும் முழுப் பருத்தி அல்ல. பிசி சட்டைத் துணியில் பெரும்பாலும் 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்திதான் இருக்கும். கோவை கோரா காட்டனிலும் பட்டு நூல் சேர்ந்திருக்கும். அது அழகான சேலைதான், ஆனால் கத்திரி வெயிலில் பஸ்ஸில் போய்வர ஏற்றதல்ல. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும், லினன் சுமார் 12 சதவீதம். பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம் மட்டுமே. அதனால்தான் பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை போக இடமில்லாமல் தோலிலேயே வழிகிறது, வாடையும் சீக்கிரம் ஏறுகிறது. விளையாட்டு ஜெர்சிகள் வேறு வகை. அவற்றின் மெல்லிய இழைகள் வியர்வையை வெளிப்பக்கம் கடத்திப் பரப்பிக் காயவைக்கும். ஓடவும் ஆடவும் அவை நல்லவை. அதை வைத்துக்கொண்டு பாலியஸ்டர் சட்டை எதுவானாலும் வெயிலுக்கு ஆகும் என்று முடிவு கட்டாதீர்கள்.

பக்கத் தையலுக்குள் இருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். வெட்டுத் துணி என்றால் வீட்டில் எரித்துப் பார்க்கலாம். ஓரத்தில் நெடுக்காக ஒரு நூல், குறுக்காக ஒரு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே வைத்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கெட்டியான கறுப்பு மணியாகத் திரளும். சூடாக இருக்கும்போது அந்த மணியைத் தொட்டால் தோலில் ஒட்டிச் சுட்டுவிடும், ஆறட்டும். இரண்டு நூலையும் ஏன் சோதிக்க வேண்டுமென்றால், பாவு (நெடுக்கு நூல்) பருத்தியாகவும் ஊடை (குறுக்கு நூல்) பாலியஸ்டராகவும் நெய்த துணி நிறைய வருகிறது.

இந்தச் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. ரேயானும் காகிதம் போலவே எரியும், ஏனென்றால் அது மரக்கூழிலிருந்து எடுத்த இழை. பிரித்தறிய நூலை எச்சில் தொட்டு நனைத்து இழுங்கள். நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தால் ரேயான். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

குர்த்தி, நைட்டி வாங்குவோர் ரேயானைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. தொட்டால் ஜில்லென்று இருக்கும், உடம்பில் வழுக்கிக்கொண்டு விழும், பருத்தியைவிட அதிக ஈரத்தை உறிஞ்சும். குறை என்னவென்றால் உறிஞ்சியதை விடாது. நன்றாக வியர்த்தால் கனத்து, தோலோடு ஒட்டி, காய நேரம் பிடிக்கும். ஈரத்தில் பலம் குறைவதால் அக்குள் தையலில்தான் முதலில் கிழியும். கடையில் ‘14 கிலோ ரேயான்’ என்பது போல எடை சொல்வார்கள். எண் கூடினால் துணி கனம். கடலோர வெயிலில் நாள் முழுக்க உடுத்த அது வேண்டாம். ஏசி அறையிலோ, மாலையில் கொஞ்ச நேரம் வெளியே போகவோ ரேயான் நன்றாகவே இருக்கும்.

கவுன்ட் கூடினால் குளுமை என்று நினைப்பது

வேட்டி எடுக்கும்போது 40, 60, 80, 100 கவுன்ட் என்று கேட்டிருப்பீர்கள். எண் ஏற ஏற நூல் மெல்லியது என்பது சரி. ஆனால் மெல்லிய நூலை நெருக்கி நெய்துவிட்டால் காற்றுப் போக வழியிருக்காது. 100 கவுன்ட் பாப்ளினைவிட, கொஞ்சம் தளர நெய்த 40 கவுன்ட் கைத்தறித் துணி அதிகமாகக் காற்று விடும். மல் துணி குளுமையாக இருப்பது இரண்டும் சேர்ந்ததால்தான்: நூலும் மெல்லியது, நெசவும் தளர்வு.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி சீராகத் தெரிய வேண்டும். பிறகு துணியை வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சுக்காற்று கையில் தாராளமாகப் பட்டால் நல்ல கோடைத் துணி. கன்னத்துக்கே திரும்பி வந்தால், அது எத்தனை கவுன்ட் ஆனாலும் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சட்டைத் துணிக்கு 100 முதல் 130 வரை போதும். திருப்பூர் டி-ஷர்ட்டில் 140 முதல் 160 கோடைக்கு ஏற்றது. வழக்கமாகக் கிடைக்கும் 180ஐச் சமாளிக்கலாம். இப்போது இளைஞர்கள் விரும்பும் ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுகள் 220, 240 என்று வருகின்றன. தொளதொளப்பாக இருந்தாலும் நனைந்தால் ஈரத் துண்டைப் போர்த்தியது போலாகிவிடும். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் சுமார் 400 ஜிஎஸ்எம். அதைப் போட்டுக்கொண்டு மே மாதம் பைக் ஓட்டுபவரின் தொடைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஜீன்ஸ் தோற்றம்தான் வேண்டுமென்றால் 6 முதல் 8 அவுன்ஸ் மெல்லிய டெனிம் கேளுங்கள். இல்லையென்றால் காட்டன் பேன்ட், லினன் பேன்ட்.

லினனுக்குக் கவுன்ட்டுக்குப் பதில் ‘லீ’ என்று சொல்வார்கள். சட்டைக்கு 60 லீ, பேன்ட்டுக்கு 25 லீ வழக்கமான அளவு. லினனின் விறைப்புதான் அதன் பலம், துணி உடம்பில் படியாமல் விலகி நின்று காற்றை உள்ளே விடும். அதை ஸ்லிம் ஃபிட்டாகத் தைத்தால் கொடுத்த காசு வீண். சுருங்கும், கசங்கும். லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ‘லினன் ஃபினிஷ்’ என்றால் லினன் போன்ற தோற்றம் என்று மட்டுமே பொருள்.

அடியில் உடுத்துவதை மறந்துவிடுவது

அருமையான சுங்குடிச் சேலை, உள்ளே சாட்டின் பாவாடை. இது எத்தனை வீடுகளில் நடக்கிறது! ஐந்தரை மீட்டர் சேலை இடுப்பைச் சுற்றி, கொசுவத்தில் ஏழெட்டு மடிப்பாக நிற்கிறது. அந்த மடிப்புகளுக்கு அடியில் காற்றே புகாத ஒரு படலத்தையும் போட்டால், சேலை எவ்வளவு மெல்லியதாக இருந்தும் பலனில்லை. ஃபிஷ்கட் ஷேப்வேர் பாவாடை இன்னும் மோசம். நைலானும் ஸ்பான்டெக்ஸும் தொடையை இறுக்கிப் பிடித்திருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் கட்டலாம். தினமும் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வேண்டாம். பாப்ளின் அல்லது கேம்பிரிக் உள்பாவாடைதான் கோடைக்குச் சரி. மல் சேலைக்குள் உடம்பு தெரியுமே என்று சாட்டினுக்குப் போகிறவர்கள், சேலையின் அடிநிறத்திலேயே கேம்பிரிக் எடுத்தால் தெரியாது.

நாடாவையும் பாருங்கள். கயிறு போன்ற நாடாவை வியர்வையோடு இறுக்கிக் கட்டினால் இடுப்பில் அதே இடத்தில் தினமும் உராய்ந்து, கறுத்து, அரிக்கும். ஒன்றரை அங்குல அகலத்தில் பருத்தி நாடா கோத்து, முடிச்சை ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் மாற்றிக் கட்டுங்கள்.

ரவிக்கைக்கு லைனிங் வேண்டுமா என்று கேட்காமலே டெய்லர் போட்டுவிடுகிறார். பருத்தி டூ பை டூவுக்கும் பாப்ளினுக்கும் லைனிங் தேவையே இல்லை. மெல்லிய இக்கத்துக்கோ கலம்காரிக்கோ வேண்டுமென்றால் மல் காட்டன் லைனிங் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் பாலி கலந்ததுதான் உள்ளே போகும். ரவிக்கைத் துணி, லைனிங் இரண்டையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுக்க வேண்டும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால், முதல் துவையலிலேயே கைக்குழியில் சுருக்கம் விழுந்து இறுக்கும்.

குர்த்திக்குக் கீழே லெக்கிங்ஸ் வசதிதான். ஆனால் எவ்வளவு பருத்தி இருந்தாலும் அது தோலோடு ஒட்டியே இருக்கும் உடை. கோடை முடியும்வரை நேர்வெட்டு காட்டன் பேன்ட், பலாஸோ, பாட்டியாலா என்று மாறுங்கள்.

ஆண்கள் பனியனைக் கழற்றிவிட்டால் குளுமை என்று நினைக்கிறார்கள். மெல்லிய காட்டன் சட்டைக்குள் மெல்லிய காட்டன் பனியன் வியர்வையை முதலில் வாங்கிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நிறைய வியர்ப்பவருக்கு அது உதவிதான். ஆனால் நனைந்த பனியனோடு மாலைவரை இருக்கக் கூடாது, மாற்ற ஒன்று பையில் இருக்கட்டும். ஜட்டிக்கும் அதே விதி. தொடை உராய்பவர்கள் தொடையை மூடும் காட்டன் டிரங்க் போடலாம். அங்கே வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் ஏதோ ஒரு ஆயின்மென்ட்டை வாங்கிப் பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பு அடங்கியது போல் தோன்றி உள்ளே பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளவும் நிறமும்

மார்பளவு 38 அங்குலம் என்றால் கோடைச் சட்டையின் சுற்றளவு 43, 44 இருக்கட்டும். ஸ்லிம் ஃபிட்டில் இரண்டு மூன்று அங்குலம்தான் மிஞ்சும், அது வியர்வையில் காணாமல் போய்விடும். அக்குள் குழி தாழ்வாகவும், குர்த்தி என்றால் பக்கத் திறப்பு இடுப்புவரையும் இருந்தால் நடக்க நடக்கக் காற்று ஏறி இறங்கும். முதல் துவையலில் நெய்த பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 46 அங்குல நீளக் குர்த்தி இரண்டு அங்குலம்வரை ஏறிவிடலாம் என்று கணக்கு வைத்து எடுங்கள்.

வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. அதற்காக மெல்லிய வெள்ளைத் துணி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். புற ஊதாக் கதிர் அதன் வழியே இறங்கும், நனைந்துவிட்டால் இன்னும் அதிகமாக. வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியவர்கள் நடுத்தர நிறத்தில், கொஞ்சம் நெருங்கிய நெசவில், தளர்வாகப் போடுவது நல்லது. வியர்வைத் திட்டு தெரியக் கூடாது என்றால் சாம்பல் மெலாஞ்சையும் (வெளிர், அடர் இழைகள் கலந்த சாம்பல் நிறத் துணி) வான நீலத்தையும் தவிர்த்து, வெள்ளை, கருநீலம் அல்லது பொடிப் பூ அச்சு எடுக்கலாம்.

குழந்தைகளுக்கு நெட் ஃபிராக் எடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளே கேன்கேன் (ஃபிராக்கை விரித்துக் காட்டும் விறைப்பான வலைத்துணி) குத்தாதபடி ஒரு மல் ஷிம்மீஸ் போட்டுவிடுங்கள், விழா முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். கைக்குழந்தைக்கு முன்பக்கம் கட்டும் மெல்லிய காட்டன் ஜபலாவை மிஞ்சியது எதுவும் இல்லை.

துவைக்கும்போது கெடுப்பது

நல்ல பருத்தியை வாங்கி, ஒவ்வொரு துவையலிலும் வாசனைக் கன்டிஷனர் ஊற்றினால் இழைமேல் மெழுகு போன்ற படலம் படிந்து உறிஞ்சும் தன்மை குறையும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவ வேண்டும். உருண்டு நின்றால் அந்தப் படலம்தான் காரணம். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை அலசினால் சரியாகும். புதுத் துணியிலும் சொட்டு உருளலாம். அது ஆலையிலோ தறியிலோ போட்ட கஞ்சிப் பூச்சு, உடுத்தும் முன் ஒரு முறை ஊறவைத்து அலசிவிடுங்கள். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயமேறிய துணியில் இல்லை. ஒட்டாத சாயம் போகும்வரை தனியாக அலசுவதுதான் வழி.

கஞ்சி போடுவதில் அளவுதான் எல்லாம். கெட்டியாகப் போட்டால் நெசவின் கண்கள் அடைபடும். ஒரு டம்ளர் வடிகஞ்சியை வடிகட்டி அரை வாளித் தண்ணீரில் கலந்து, சேலையை முக்கிப் பிழிந்து உதறிக் காயப்போட்டால், துணி தோலைவிட்டு விலகி நிற்கும், காற்றும் போகும்.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் விழும் மஞ்சள் கறை, வியர்வையும் டியோடரன்ட்டில் இருக்கும் அலுமினியமும் சேர்ந்து உண்டாவது. அதன்மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடலாம். ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்துத் துவையுங்கள். கழற்றிய ஈரச் சட்டையை அழுக்குக் கூடையில் போடாமல் அன்றே அலசி, நிறத் துணியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கொடியில் போட்டுவிட்டால் கறையும் வாடையும் ஏறாது.