களா வேலி: முளைக்காத விதை

ஆடு நுழையாமல் இருக்க, தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் 30 அடி நீளத்துக்குக் களா என்ற முள் புதர்ச்செடியால் வேலி போட நினைத்தேன். பாக்கெட் விதை 50 வாங்கி நாற்றுப் பைகளில் ஊன்றினேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

தோல் கெட்டி போல என்று அடுத்த தடவை வெந்நீரில் ஊறவைத்தேன். பலனில்லை. அப்புறம் சந்தையில் ஊறுகாய்க்கு விற்கும் களாக்காயை வாங்கி, பிளந்து விதை எடுத்துப் போட்டேன். அதுவும் அழுகியது.

மிச்சமிருந்த காய் ஒன்றை வெட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே ரோஸ் நிறம். உள்ளே விதை வெள்ளையாக, நகம் பட்டாலே நசுங்கியது. ஊறுகாய்க்கு முற்றாத காயைத்தான் பறிக்கிறார்கள். பாக்கெட் விதைக்கு வேறு குறை: முற்றியதுதான், ஆனால் பழசு. பழத்தை விட்டு எடுத்த களா விதை முளைப்புத்திறனைச் சீக்கிரம் இழந்துவிடும்.

ஆவணியில், செடியிலேயே கறுத்து, தொட்டால் மெத்தென்று இருந்த பழங்களாகப் பார்த்துப் பறித்தேன். பிசைந்து, பால் பிசுபிசுப்பு போகும்வரை மணல் போட்டு அலசி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மறுநாளே அரை அங்குல ஆழத்தில் விதைத்தேன். 17ஆம் நாள் முதல் முளை. 40க்கு 31 வந்தன. அப்பாடா!

இரண்டடிக்கு ஒன்றாக நட்டாயிற்று. முழங்கால் உயரம் வந்ததும் நுனியை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கிளைக்காது, ஆடு குனிந்து நுழையும். கத்தரிக்கோலில் ஒட்டும் பாலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.