காரைக்குடிப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

கானாடுகாத்தானைக் காலையிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள். வெயில் ஏறிவிட்டால் ஒன்றைச் சுற்றி வருவதற்குள் தாகம் எடுத்துவிடும். இடையிடையே இடித்துக் கட்டிய கான்கிரீட் வீடுகள், எவர்சில்வர் கைப்பிடியும் நீலக் கண்ணாடியுமாக. மதியம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் கை வைத்துவிட்டு, பக்கத்துக் கான்கிரீட்டையும் தொட்டுப் பாருங்கள். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாம். நான் பார்க்கவில்லை. அந்த அரை நாளும் அடுத்த மூன்று நாளும் ஒரு பதிவு அலுவலகத்து பெஞ்சில் போயின.

பாட்டையா கட்டிய வளவு வீட்டில் எங்களுக்கு ஓர் இரட்டை அறை பங்கு. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பெரியப்பா ஆரம்பித்தார்: "வித்துடலாம்னு இருக்கோம். ஒரே கையெழுத்துதான் தம்பி, பத்து நிமிஷம்." பத்திரத்தில் அப்பச்சி (அப்பா) பெயருக்கு முன்னால் 'சுப.' மட்டும். என் பாஸ்போர்ட்டில் அந்த 'சுப.' முழுசாக விரிந்து உட்கார்ந்திருந்தது. "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நான் எப்படி சார் நம்புறது?" என்றார் அலுவலர். வாரிசுச் சான்று கொடுத்தேன், அசல் கேட்டார். அசல் வந்த அன்று சர்வர் வேலை செய்யவில்லை. மறுநாள் சாப்பிடப் போனவர் நாலு மணிக்கு வந்தார், நாளைக்கு வரச் சொல்ல. கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

அதனால், பத்திரம், இறப்புச் சான்று, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரில் போக முடியாதவர்கள் பவர் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

பெரியப்பா மேல் எரிச்சல்தான். ஆனால் ஓடு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று அவர் கேட்டபோதெல்லாம் வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பினேனே தவிர, பணம் அனுப்பவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலா வந்து ஒழுகலை அடைக்கும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குக் கதவுகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். பிடித்தால் பாருங்கள், எந்த வீட்டுக் கதவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், உங்கள் அறைச் சாவியை எடுத்துப் போங்கள். எங்களுடையது சிங்கப்பூர் வீட்டுச் செருப்பு அலமாரியில் தொங்குகிறது. பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.